மேலதிகாரிக்குக் கொம்பு முளைத்தது

அடையாள அட்டை அலுவலகத்தில் படம் எடுக்கும் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவரை எல்லோரும் போட்டோ மேடம் என்றே கூப்பிட்டார்கள். ஊரில் பாதிப் பேருடைய சட்டைப்பையில் கிடக்கும் முகம் அவர் பிடித்ததுதான். கண்ணாடியைக் கழற்றச் சொல்வார், காதோர முடியை ஒதுக்கச் சொல்வார், சிரிக்கக் கூடாது என்பார். யாருக்காவது சிரிப்பு வந்துவிட்டால் கேமராவிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பார்வைக்கு எப்பேர்ப்பட்ட சிரிப்பும் அடங்கிப்போகும்.

அவர் குடியிருந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் சுவருக்குள்ளேயே வெடித்தது. சரி பண்ணும்வரை ஒரு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று மகன் வீட்டுக்கு வந்தார். குழாய்க்காரர் ஒரு சுவரை உடைத்துப் பார்த்துவிட்டு, கோளாறு அடுத்த சுவரில் இருக்கிறது என்றார். அதையும் உடைத்துவிட்டு, மூன்றாவது சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். வாரம் மாதக்கணக்காக நீண்டது. மகன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் குரல் உயர்ந்தால் எங்கேயோ ஒரு லிஃப்ட் நடுமாடியில் நின்றுவிட்டதாக அவனுக்குத் தகவல் வந்துவிடும். போன் மணி அடித்து யாரும் கேட்டதில்லை.

மருமகள், செயற்கைப் பல் செய்து தரும் லேபில் வேலை பார்த்தாள். பிளாஸ்டர் அச்சில் மெழுகை வைத்துச் செதுக்கி, ஒருவருடைய வாய்க்கு என்ன பல் பொருந்தும் என்று அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவளுக்குப் புருவம் வரை இறங்குகிற முன்முடி. நெற்றி பெரியது என்று பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்ததிலிருந்து அப்படித்தான் வெட்டிக்கொண்டு வந்தாள்.

அத்தை வந்து தங்கியிருந்த காலத்தில்தான் அவளுடைய அடையாள அட்டையின் காலம் முடிந்தது. புதுப்பிக்கப் போய் எல்லோரையும் போல வரிசையில் நின்றாள். அத்தை அவளை முன்பின் பார்த்திராதவர் போல நாற்காலியில் உட்காரச் சொன்னார். நெற்றி தெரிய வேண்டும் என்றார். ஒதுக்கிவிட்ட முடி திரும்பவும் விழுந்தது. மேசை இழுப்பறையிலிருந்து கிளிப் எடுத்துக் குத்தினார். அப்போதும் ஒரு கற்றை விழவே, ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து அவள் தலையில் இரண்டு பீய்ச்சல் பீய்ச்சி, உள்ளங்கையால் பின்னோக்கி வழித்துவிட்டார். வரிசையில், லேபுக்கு ஆர்டர் கொடுக்கிற பல் டாக்டரும் நின்றுகொண்டிருந்தார்.

அட்டை வந்தது. அவித்து உரித்த முட்டையில் கண் வரைந்தது போல இருந்தாள். கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாம் என்று வீட்டில் அவள் சொல்ல, விதி என்றால் விதிதான் என்று அத்தை சொல்ல, இரண்டு பேரும் அட்டையை மெக்கானிக்கிடம் நீட்டினார்கள். படம் தெளிவாக இருக்கிறது என்றான் அவன். அன்று முழுக்க அவனோடு இருவருமே பேசவில்லை.

மெக்கானிக் தனக்கென்று ஆசையாக ஒரு வீடியோ கேம் வாங்கி வைத்திருந்தான். லிஃப்ட்டுகள் அவனை விளையாட விட்டதில்லை. அந்த வாரம் வேலை முடிந்து வந்த மருமகள் அதை எடுத்துப் போட்டாள். டிராகன் ஒன்று பிடித்துவைத்திருக்கும் ராஜ்யத்தை மீட்கிற கதை. மீட்கப் போகிறவரின் முகத்தை நாமே செய்துகொள்ளலாம். தாடை, மூக்கு, இமை, உதடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இருந்தது. கோட்டில் புள்ளியை இழுக்க இழுக்க முகம் மாறும்.

மற்றவர்கள் அழகான வாலிபனையோ இளம்பெண்ணையோ செய்துகொள்வார்கள். அவள் தாடையிலிருந்து தொடங்கினாள். லேசாகச் சதுரமான தாடை. வலதைவிட நூலிழை உயர்ந்த இடது புருவம். மூக்கோரத்தில் மச்சம். 'அடுத்தது' என்று சொல்வதற்கு முன்னால் உள்ளே மடங்கும் கீழுதடு. முடித்துவிட்டுப் பார்த்தபோது, தினமும் காலையில் டீக்கோப்பைக்கு மேலே தெரிகிற முகம் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு நின்றது. பெயர் கேட்டது. 'மேலதிகாரி' என்று அடித்தாள்.

பிறகு மேலதிகாரியை மலை உச்சிக்கு நடத்திக் கொண்டுபோய்க் கீழே விட்டாள்.

அது அவளுக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. மறுநாள் ஆற்றில் இறக்கினாள். அதற்கடுத்த நாள் கையைக் கட்டிக்கொண்டு ஓநாய்க் கூட்டத்துக்கு நடுவில் நிற்க வைத்தாள். செத்த மேலதிகாரி ஒவ்வொரு முறையும் கோயில் வாசலில் எழுந்து, புருவத்தை உயர்த்திக்கொண்டு அவளையே பார்த்தாள். ஓநாய்கள் மூன்றாவது தடவையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சோபாவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. அத்தை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

மருமகளுக்குக் கன்ட்ரோலரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"கையில கத்தி இருக்குல்ல?" என்றார் அத்தை. "அப்புறம் எதுக்கு சும்மா நிக்கறா?"

"இல்ல அத்தை, அது வந்து..."

"மூக்கு பெருசாயிடுச்சு."

மூக்கு சரியாகத்தான் இருந்தது. பல் செய்கிறவளுக்கு அளவு தவறாது. ஆனாலும் அத்தை சோபாவைச் சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் முழுக்க மூக்குதான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குறைத்துக் குறைத்துக் கடைசியில் மூக்கே காணாமல் போகும் அளவுக்கு வந்ததும், அலுவலகத்தில் முகம் அளக்க வைத்திருக்கும் அளவுச் சட்டத்தை மறுநாள் கொண்டுவந்தார். முதலில் தன் மூக்கை அளந்தார். பிறகு திரையில் வைத்து அளந்தார். சட்டத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மூக்கு பழைய இடத்துக்கே வந்தது. மச்சம் மட்டும் ஒரு சுற்று சின்னதாயிற்று.

அதிலிருந்து தினமும் இரண்டு பேரும் சேர்ந்துதான் உட்கார்ந்தார்கள். கன்ட்ரோலர் மருமகள் கையில், உத்தரவு அத்தை வாயில். கை தெரிகிற கவசத்தை அத்தை போட விடவில்லை. எவ்வளவு பலமான கவசமாக இருந்தாலும் முழுக்கை இல்லையென்றால் கடையிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். பொய் சொல்லி உள்ளே நுழையும் வழிகளும் அடைபட்டன. தன் முகத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் பொய் சொல்லக் கூடாது என்றார். இதனால் மற்றவர்கள் ஒரு பொய்யில் தாண்டிப்போன இடத்தை இவர்கள் இரண்டு நாள் சண்டை போட்டுத் தாண்டினார்கள். மேலதிகாரி பெரிய பலசாலியானாள். மருமகள் லேபில் மெழுகு உருக்கும்போதுகூட, அடுத்து எந்தக் குகைக்குப் போவது என்று யோசித்தாள். அத்தை மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கிணறு வந்தது.

டிராகன் மலையின் அடியில் ஒரு பாழுங்கிணறு. கதைப்படி அங்கே போய்த்தான் ஆகவேண்டும். பக்கத்தில் போனதும் கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை. கதை தானாக ஓட ஆரம்பித்தது. மேலதிகாரி யாருடைய அனுமதியும் இல்லாமல் குனிந்து, அந்தப் பச்சைத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். முகம் வீங்கியது. தோல் செதில் செதிலாக வெடித்துப் பச்சையானது. கூந்தல் கொத்தாக உதிர்ந்தது. நெற்றியின் இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு போல இரண்டு முளைத்து வளைந்தன. உயர்ந்த புருவமும் மச்சமும் இருந்த இடத்தில் கரடுமுரடான எலும்பு மேடு. டிராகனின் சாபம் அவளைப் பற்றிக்கொண்டது என்று ஒரு கனத்த குரல் சொல்லி முடித்தது.

அத்தை நிதானமாக, "பாத்தாச்சு. இப்ப பழையபடி மாத்து" என்றார்.

மாற்ற முடியவில்லை. முகம் செய்கிற பக்கத்தைத் திறந்தால் கோடுகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தன. பழைய இடத்திலிருந்து தொடங்கலாம் என்றால், கேம் தானாகவே கிணற்றடியில் சேமித்து வைத்திருந்தது. இணையத்தில் தேடியபோது, விளையாடுகிற எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது, முடிவுவரை இப்படியேதான் என்று தெரிந்தது. ஒருவர் தன் வருடாந்திர விடுமுறை முழுவதையும் மீசைக்கே செலவழித்திருந்தார். இன்னொருவர் தன் வங்கி மேனேஜரின் முகத்தைத் தத்ரூபமாகச் செய்து வைத்திருந்தார். எல்லாமே பச்சையாகிவிட்டன.

"என்னக் கேக்காம என் மூஞ்சிய மாத்த அவங்க யாரு?" என்றார் அத்தை.

"அது கேமோட விதி, அத்தை."

அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் நெற்றியில் விழுந்த முன்முடியை ஊதிவிட்டுக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்றிருந்த மெக்கானிக் செருப்பைத் தேடத் தொடங்கினான்.

அத்தை அந்தக் கம்பெனிக்கு எழுதினார். அலுவலகத்தில் மேலிடத்துக்கு எழுதுகிற பாணியில், பொருள், பார்வை எல்லாம் போட்டு, மருமகளைத் தட்டச்சு செய்யவைத்து அனுப்பினார். கம்பெனியில் பதில் எழுதுகிறவர்கள் கேமுக்குப் பொருத்தமாகப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பதில் 'மூன்றாம் நிலைக் கோட்டைக் காவலர்' என்பவரிடமிருந்து வந்தது. கொம்பு முளைத்ததற்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார். அத்தை அந்தப் பதவியை அப்படியே நம்பினார். மூன்றாம் நிலையோடு பேசிப் பயனில்லை, இரண்டாம் நிலைக்கு அனுப்புங்கள் என்று எழுதினார். இரண்டாம் நிலைக் காவலர், அது உங்கள் முகம்தான் என்பதற்கு ஆதாரமாக அரசாங்க அட்டையின் படம் ஒன்றை அனுப்பச் சொன்னார்.

இந்தக் கேள்வி அத்தைக்குப் பிடித்திருந்தது. ஒழுங்கான அலுவலகம் என்றார். தானே கேமராவைத் தானியங்கியில் வைத்து எடுத்துக்கொண்ட படம் உள்ள தன் அட்டையை, நேராக வைத்து ஸ்கேன் செய்து அனுப்பினார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. மருமகள் அதை முதலில் மனசுக்குள் வாசித்தாள். வாசித்துவிட்டு, கம்பெனி இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது என்றாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்தார். அனுப்பிய படத்தைக் கம்பெனியின் கணினி இரண்டு முகங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்ததாம். சாபத்துக்கு முந்தைய முகத்தோடு அது சரியாகப் பொருந்தவில்லையாம். சாபத்துக்குப் பிந்தைய முகத்தோடு பெருமளவு ஒத்துப்போகிறதாம். ஆகவே எந்த மாற்றமும் தேவைப்படவில்லை என்று கருதுகிறார்களாம்.

மெக்கானிக் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்ததில், அது மூக்கு வழியாக வந்தது. அத்தை அவன் அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அறைக்குள் போய் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. மருமகளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அத்தைக்காகக் கம்பெனிமேல் அவளுக்கு வந்த கோபம், தன் முன்முடிக்காகக்கூட வந்ததில்லை. அவளே உட்கார்ந்து எழுதினாள். பல் செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கீழுதட்டின் மடிப்பை நான் மூன்று சாயங்காலம் செதுக்கினேன், உங்கள் கணினிக்கு முகம் பார்க்கத் தெரியவில்லை, உங்களில் யாருக்காவது கண் இருந்தால் நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று எழுதினாள். கீழே 'மேலதிகாரியின் மருமகள்' என்று போட்டாள்.

அது போய்ச் சேர்ந்த இடம் 'அரசவை மந்திரி'. கேமின் கதையை எழுதியவர். வீடியோவில் பேசலாம் என்றார்.

மந்திரி கம்பளித் தொப்பி போட்ட இளைஞர். பின்னால் துணி காய்ந்துகொண்டிருந்தது. அத்தை வணக்கம் சொன்னதும் முதல் வேலையாக அவரைத் தொப்பியைக் கழற்றச் சொன்னார். பிறகு கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்து வெறும் சுவருக்கு முன்னால் உட்காரச் சொன்னார். நிமிரச் சொன்னார். மந்திரி எல்லாவற்றையும் செய்துவிட்டு, எதற்காகச் செய்தோம் என்று தெரியாமல் விழித்தார். அவர் விளக்கம் வைத்திருந்தார். நாயகி தன் முகத்தை இழந்தால்தான் அவளுக்கு வலி என்றால் என்னவென்று புரியும், கதையின் உயிர்நாடி அதுதான் என்றார்.

"வலி தெரியணும்னா காலை ஒடைச்சிருக்கலாமே" என்றார் அத்தை. "கால் யாரும் செய்யல. மூஞ்சிய நாங்க செஞ்சோம்."

மந்திரி, கிணற்றுக்கு அப்புறம் வருகிற காட்சிகள் எல்லாம் கொம்போடு வரைந்து முடிந்துவிட்டன, திரும்ப வரைய முடியாது என்று ஒப்புக்கொண்டார். மீசைக்காரரும் வங்கி மேனேஜர்காரரும் எழுதியபோது தனக்கு உறைக்கவில்லை, இப்போது உறைக்கிறது என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, திரைக்கு மிக அருகில் வந்து அத்தையைப் பார்த்தார். தலைநகரக் கோட்டைக்கு ஒரு வாயிற்காவலர் தேவைப்படுகிறார், அந்தப் பாத்திரத்துக்கு இந்த முகத்தைத் தருவீர்களா என்று கேட்டார். முன்வாசலுக்கு வருகிற அத்தனை பேரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். யாருக்கும் அந்த முகத்தை மாற்ற உரிமை இருக்காது.

அத்தை யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, அடுத்த நிமிடமே கூப்பிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். முழுக்கை வேண்டும். மூக்குக்கண்ணாடி வேண்டும். யார் வெட்டினாலும் சாகக் கூடாது. உட்கார முதுகுசாய்கிற நாற்காலி வேண்டும், அலுவலகத்தில் இதுவரை ஸ்டூல்தான் கொடுத்திருக்கிறார்கள். குரலும் அவருடையதே. வெளிச்சத்தம் வராதபடி மெக்கானிக்கின் பழைய போர்வைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, அலமாரிக்குள் தலையை நீட்டி அத்தை வசனம் பேசிப் பதிவு செய்தார். எழுதித் தந்த நீளமான வசனங்களை அவர் பாதியாக வெட்டினார்.

வாயிற்காவலர் கேமில் வந்திறங்கிய நாளில் மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். மருமகள் பச்சை முக மேலதிகாரியைக் கோட்டைக்கு ஓட்டிப் போனாள். வாசலில் நீண்ட வரிசை. வரிசையின் முனையில், முதுகுசாய்கிற நாற்காலியில், மூக்குக்கண்ணாடியோடு அத்தை இருந்தார். மச்சம் இருந்தது. நூலிழை உயர்ந்த புருவம் இருந்தது. கணினியால் பொருத்திப் பார்க்க முடியாத அந்தக் கீழுதடு, மருமகள் செதுக்கியபடியே உள்ளே மடங்கியது. வரிசையில் நின்ற வீரன் ஒருவன் கோபத்தில் கோடாரியால் ஓங்கி அடித்தான். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவனை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்.

"நாற்காலி நல்லா இருக்கு" என்றார் சோபாவில் இருந்த அத்தை.

இவர்களுடைய முறை வந்தது. நாற்காலியில் இருந்த முகம், கொம்பு வைத்த முகத்தை மேலும் கீழும் பார்த்தது.

"நேரா பாருங்க" என்றது அத்தையின் குரல். "உங்க முகம் பதிவுல இருக்கற முகத்தோட ஒத்துப்போகல. அடுத்தது."

வாசல் திறக்கவில்லை. மருமகள் மறுபடியும் முயன்றாள். மறுபடியும் அதே பதில். கொம்பு முளைத்தவர்களை அந்த வாசல் சேர்க்காது. மந்திரி அப்படி எழுதியிருந்தாரா, இல்லை அத்தை வசனத்தை வெட்டியதில் அப்படி ஆகிப்போனதா என்று யாருக்கும் புரியவில்லை. மெக்கானிக் மெதுவாக அம்மாவின் பக்கம் திரும்பினான். அவருடைய சொந்த முகம் அவருடைய சொந்த முகத்தை வெளியே நிறுத்தியிருந்தது.

"அவ சொல்றது சரிதான்" என்றார் அத்தை. "எப்படி விடுவா?"

தங்கக் காசு கொடுத்துப் பார்க்கலாம் என்று மருமகள் விரலை நகர்த்தினாள். அதற்குள் அத்தை தடுத்தார். அவள் வாங்க மாட்டாள் என்றார். மருமகள் கேட்காமல் அழுத்தினாள். நாற்காலிக்காரி காசைத் திரும்பத் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். அத்தை சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அன்று அவர் முகத்தில் இருந்தது போன்ற ஒரு திருப்தியை, குழாய் வெடித்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

கோட்டைக்குள் போக இன்னொரு வழி இருந்தது. பின்பக்கச் சதுப்பு நிலம். முழுக்க முதலைகள், கண் தெரியாத பனி, போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்ததில்லை என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மருமகள் கேமை அணைத்தாள்.

மறுநாள் மதியம் அவள் லேபில் இருந்தாள். கையில் ஒரு மேல்வரிசைப் பல் செட். கடைசிக் கடைவாய்ப் பல்லை மெழுகில் பொருத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அத்தை. அலுவலகத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். பின்னால் மழை போல ஒரு சத்தமும், எதுவோ உறுமுவதும் கேட்டது. அத்தைக்கு மூச்சு வாங்கியது.

"தண்ணிக்குள்ள வந்துட்டேன்" என்றார். "நீந்தறதுக்கு எந்த பட்டன்?"

மருமகள் பல் செட்டைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக் கன்ட்ரோலரைக் கையில் பிடித்திருப்பது போலப் பெருவிரலை அசைத்துப் பார்த்தாள்.

"இடது பக்கம் மேல இருக்கறது, அத்தை. விடாம அமுக்கிப் பிடிங்க. முதலை வந்தா விட்டுடுங்க, அதுக்கு வேற பட்டன்."

"ஒண்ணு இல்ல. மூணு வருது" என்றார் அத்தை.

பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மருமகள் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, முதலாளியிடம் ஐந்து நிமிடம் என்று கையால் காட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.